ஒன்பதாம் நம்பர் காட்டில் வைத்த கூண்டு

காட்டிலாகா ஆட்கள் பெருங்காட்டு ஓரத்து மரங்களில் சின்னச் சின்னப் பெட்டிகள் கட்டியிருக்கிறார்களாம். குறுக்கே எந்த மிருகம் போனாலும் பெட்டி தானாகவே படம் எடுத்துக்கொள்ளுமாம். தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்யும் பெண்கள் வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு, "பெரியம்மா, நீங்கல்லாம் ஒசந்தவரப் பிடிக்கக் கூண்டே வச்சீங்களாமே, நெசமாவா?" என்று கேட்டார்கள்.

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் புரியவில்லை. தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் தோட்டம் பெம்பான் பக்கம். ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளியில் படித்தேன். அதற்கு மேல் என்றால் ஜாசினுக்குப் பஸ் ஏற வேண்டும், ஏறவில்லை. அம்மாவோடு ரப்பர்ப் பால் தூக்கப் போனேன். பிறகு கத்தி பிடித்தேன். முதல் வருஷம் மரங்களைக் காயம் பண்ணினேன். இரண்டாம் வருஷம் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். வேலை கற்ற கதை இவ்வளவுதான்.

இப்போது தோட்டம் முழுக்கச் செம்பனை. பால்மரம் வெட்டிப் பழக்கமில்லாதவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு இத்தனை மரம் என்று ஒரு பங்கு உண்டு. அதற்கு நெரை என்று பெயர். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் இறங்காது. முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் மாதிரி உரித்துப் பையில் போட வேண்டும். அப்புறம் பட்டையைத் தாள் கனத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் கூடினால் கத்தி கட்டையில் பட்டுக் காயமாகிவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. சீவி முடித்ததும் பால் பிடிக்கும் கிண்ணத்தை, மங்கு என்போம், துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரம். எல்லா மரமும் முடிந்து பசியாறிவிட்டு, முதல் மரத்திலிருந்து மறுபடியும் பால் எடுத்து வர வேண்டும். ஒவ்வொரு மங்கிலும் இருப்பது கையளவுதான். ஒன்று கவிழ்ந்தாலும் வயிறு எரியும்.

வேலையை மேற்பார்க்கிற எங்கள் மண்டோர் ஆரோக்கியசாமி. வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாசினுக்குப் பூசைக்குப் போய்விட்டு, மத்தியானம் எங்கள் கோவில் கூட்டத்துக்கு வந்து கடைசிப் படியில் உட்காருவார். தோட்டத்துக் கூட்டம் எதையும் அவர் தவறவிட்டதில்லை.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மரத்தில் காயத்தைக் கண்டால் அதில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டு, "இது யாரு வெட்டுன மரம்?" என்று கேட்பார். மரத்தில் நம்பர் இருக்கும். நெரை யாருடையது என்று தோட்டத்துக்கே தெரியும். இருந்தாலும் கேட்பார். "என்னுதுங்க" என்று நாம் சொல்ல வேண்டும். "ஓ" என்பார். சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் காயத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த வட்டம் மழையில் கரையும் வரைக்கும் அந்த மரத்துக்கு வரும்போதெல்லாம் நமக்கு முகம் சுருங்கும். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். அதை விரிக்கவே மாட்டார். அவர் குடை விரித்தால் மழை என்று அர்த்தம், மழை என்றால் வேலை நிறுத்தம். அதனால் தூறல் போட்டாலும் குடையை மடக்கியபடியே நனைந்துகொண்டு நிற்பார்.

ஒன்பதாம் நம்பர் காடு தோட்டத்தின் கடைசிப் பகுதி. என் நெரை அதிலும் கடைசி. கான் என்கிற வாய்க்காலைத் தாண்டினால் அந்தப் பக்கம் பெருங்காடு. பெருங்காட்டில் ஒருவர் இருக்கிறார் என்பது தோட்டம் உண்டான காலத்திலிருந்து சொல்லப்படுவது. ஆள் மாதிரி நடப்பவர், உடம்பெல்லாம் ரோமம், நனைந்த சாக்கு வாசம் அடிப்பார், ஒரு கை மற்றக் கையைவிட நீளம். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அவர்களும் காட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் ஒசந்தவர் என்போம். நேரில் பார்த்தவர் என்று யாரும் உயிரோடு இல்லை. அதனால் அவரால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு விடியற்காலையில் பக்கத்து நெரைச் சரோஜா விளக்கில்லாமல் ஓடிவந்து என் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா. ஒசந்தவரு."

"எங்க?"

"கவட்டு மரத்துக்குப் பின்னால. மங்க எடுத்தாரு. மோந்து பார்த்தாரு. கவுத்துட்டாரு."

"உன்னப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. என்னப் பார்த்துக்கிட்டேதான் கவுத்தாரு."

வெளிச்சம் வந்ததும் மண்டோர் வந்தார். ஈர மண்ணில் கால் தடம் இருந்தது. குனிந்து அதில் விரலை வைத்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாரு காலு?"

என்னுது என்று யாரும் சொல்லவில்லை. "ஓ" என்றார். மண்ணில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் குடை நுனியால் தடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வேறு வேறு நெரைகளிலும் மங்குகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்பதாம் நம்பரில் வெட்டுகிறவர்கள் ஏழு பேரும் பெண்கள். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதே டவுன் பேக்டரிக்குப் போய்விட்டார்கள். ஏழு பேரும் அந்தக் காட்டுக்குள் போக முடியாது என்று நின்றுவிட்டோம். நான் நின்றேன் என்று சொல்வது சரியில்லை. மற்றவர்கள் நின்றார்கள், தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

மேனேஜர் புதிதாக வந்த மலாய்க்காரர். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பால் கணக்குக் காட்ட வேண்டியவர். காலைப் பெரட்டுக்கு வந்து, வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னார். மொத தேதியிலிருந்து ஒன்பதாம் நம்பர் கொந்தராக்குக்காரரிடம், வெளிக் குத்தகைக்காரரிடம், போகும். அவருடைய ஆட்கள் பயப்பட மாட்டார்கள். ஏழு பேரும் விருப்பமிருந்தால் அவரிடமே புல் வெட்டப் போகலாம்.

கேட்க நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் கொந்தராக்குக்குப் போனால் செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பட்டியலில், பெயர் இருக்காது. செக்ரோலில் பெயர் இருப்பவருக்குத்தான் தோட்டத்து வீடு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த வீடு என் பெயரில்தான் நின்றது. மகள் தேவி ஜாசினில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். வருஷக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. வீட்டைக் காலி பண்ணினால் கிள்ளானில் என் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். பரீட்சைக்குக் கொஞ்ச மாதம் இருக்கும்போது எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? அன்றைக்கு முழுக்க எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

மண்டோர் கையைத் தூக்கி, மலாயில் மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டார். அதைப் பிடித்துவிட்டால்?

மேனேஜர் சிரித்தார். "போலே தாங்காப், தாங்காப்லா!" என்றார். பிடிக்க முடிந்தால் பிடியுங்கள், காட்டைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, மறுபடியும் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் பெரட்டில் நின்று மேனேஜர் ஒன்றைச் சொன்னால் அது வேலை. சிரித்துக்கொண்டு சொன்னாரா சிரிக்காமல் சொன்னாரா என்று பார்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. அன்று சாயந்திரத்துக்குள், ஒசந்தவரைப் பிடிக்க ஆபீஸ் உத்தரவு போட்டிருக்கிறது என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவில் கொட்டகையில் கூட்டம். ஆண்கள் முன்னால் பாயில், பெண்கள் பின்னால் தூண்களை ஒட்டி. தலைமை பெருமாள் பூசாரி.

"மொதல்ல பிடிக்கலாமா கூடாதான்னு பேசுவோம்" என்றார் பூசாரி. "அவரு நம்ம முனியாண்டிக்கு ஜாகா. காவல் நிக்கிறவரப் பிடிச்சு உள்ள போட்டா மொதலாளி சும்மா இருப்பாரா?"

லோரி ஓட்டுகிற கோவிந்தன் எழுந்தான். அவனுக்கு உட்கார்ந்து பேச வராது. "ஜாகான்னா வாசல்ல நிக்கணும்லா. மங்கு கவுக்கறது ஜாகா வேலையாண்ணே?"

"அவருக்கு என்ன கோவமோ."

"கோவம்னா ஆபீசுல போயிக் கவுக்கட்டும். சரோஜா மங்கு அவர என்னா பண்ணுச்சு?"

எல்லோரும் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு அவரு மேல ஒன்னும் இல்லண்ணே" என்றாள் சரோஜா. "மங்க மட்டும் விட்டுட்டா போதும்."

பூசாரி பழைய கதைகளை எடுத்தார். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை துப்பாக்கியோடு போய்த் திரும்பி வரவில்லை என்றார். அவர் திரும்பி வந்து சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினார் என்று தன் தாத்தா சொன்னதாகக் கோவிந்தன் சொன்னான். கப்பல் ஏறியவர் வேறு துரை என்று பூசாரி சொன்னார். இதில் ரொம்ப நேரம் போனது.

கடைசிப் படியிலிருந்து மண்டோர் பேசினார். "பிடிக்கக் கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஏழு பேரையும் கொந்தராக்குக்கு அனுப்பிச்சிடறேன்."

அதற்குப் பிறகு பிடிக்கலாமா கூடாதா என்ற பேச்சு இல்லை. எப்படிப் பிடிப்பது என்பதுதான் பேச்சு.

குழி வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். "விடியக்காலத்துல மொத விழறது நாங்கதான்" என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது; குழி கைவிடப்பட்டது. இளைஞர் மன்றத்தில் பேட்மிண்டன் வலை இருந்தது. அதில் பந்தே நிற்பதில்லை என்றார்கள். மயக்க ஊசிக்கு லைசென்ஸ் வேண்டும். கடைசியில் கூண்டு என்று முடிவானது. பட்டறையில் பழைய லோரியின் பக்கக் கம்பிகள் சும்மா கிடந்தன.

"எவ்ளோ ஒசரம் வைக்கணும்?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

சரோஜா கையைத் தூக்கிக் காட்டினாள். போதாது என்று எட்டிக் காட்டினாள். அப்புறம் முக்காலியில் ஏறினாள். பிறகு முக்காலியை பெஞ்சின் மேல் வைக்கச் சொன்னாள்.

"இன்னும் ஏறுனா கோபுரத்துக்கு மேல போயிடுவலா" என்றான் கோவிந்தன்.

"நீ பார்த்தியா? நான் பார்த்தேன்."

"அவ்ளோ கம்பி இல்லம்மா" என்றார் பட்டறைக்காரர். "கொஞ்சம் குனிஞ்சு வர மாட்டாரா?"

பூசாரி யோசித்தார். "மரியாதையா வச்சா குனிவாரு."

என்ன சாப்பிடுவார் என்பது அடுத்த பேச்சு. வெள்ளிக்கிழமை முனியாண்டிக்கு வைக்கிற அவித்த முட்டையும் கருவாடும் காலையில் இருப்பதில்லை என்று ஒருவர் சொன்னார். நாய் தின்கிறது என்றான் கோவிந்தன். நீ பார்த்தாயா என்றார்கள். பார்க்கவில்லை. அதனால் முட்டை, கருவாடு, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று முடிவானது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து சரோஜாவின் காதில் கேட்டேன். அவள் எழுந்து கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "அஞ்சலக்கா கேக்குறாங்க! பிடிச்ச பெறகு அவருக்கு யாரு சோறு போடறது?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

அதுவரைக்கும் பெண்கள் பக்கம் அமைதியாகத்தான் இருந்தது. இந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டம் அவர்கள் கைக்குப் போய்விட்டது. காலையில் பால் வெட்டப் போவதா, அவருக்கு ஆக்குவதா? வெள்ளிக்கிழமை சைவம் சமைக்கிற வீட்டில் அவருக்கென்று தனியாகக் கருவாடு வறுக்க வேண்டுமா? அவர் எவ்வளவு சாப்பிடுவார், எந்தப் பானையில் ஆக்குவது, பானையை யார் கழுவுவது? மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்றான் கோவிந்தன். "அவங்க வர வரைக்கும்?" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கேட்டார்கள். அவன் முதல் தடவையாக உட்கார்ந்தான்.

திருவிழா உபயம் மாதிரி வீட்டுக்கு ஒரு நாள் என்று பூசாரி பிரித்தார்.

"வேதக்காரங்க வீட்டுக்கும் மொற உண்டா மண்டோரே?"

"போடுங்க" என்றார் மண்டோர். "தவக்காலத்துல மட்டும் எங்க வீட்டுல கறி எதிர்பார்க்க வேணாம்னு சொல்லிடுங்க."

முதல் நாள் உபயம் எனக்கு. கேள்வி கேட்டது நான், கூண்டு வைக்கப் போவதும் என் நெரையில்.

கூண்டு செய்ய ஒரு வாரம் ஆனது. டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து, கானுக்கு இந்தப் பக்கம், என் கடைசி மரங்களுக்கு நடுவில் இறக்கினார்கள். நல்ல கூண்டு. மேலே தூக்கி நிறுத்தின கதவு, உள்ளே ஒரு கொக்கி. கொக்கியில் தொங்கும் பழத்தை இழுத்தால் கயிறு அறுந்து கதவு விழும். கோவிந்தன் உள்ளே ஒரு கட்டையை விட்டு இழுத்துக் காட்டினான். சரியாக விழுந்தது.

அப்புறம் பூசை போட்டோம்.

வேலையின் ஒழுங்கு தெரிந்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் சாப்பாட்டை உள்ளே கட்டிவிட்டு, பிறகு பூசை போட்டிருக்க வேண்டும். அது யாருக்கும் தோன்றவில்லை. புதுக் கத்தியானாலும் புதுச் சைக்கிளானாலும் பூசை போடாமல் வேலைக்கு எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. லோரி என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். கூண்டுக்கு டயர் இல்லாததால் நாலு மூலையிலும் வைத்தார்கள். கம்பிக்குக் கம்பி சந்தனமும் குங்குமமும். மேலே வேப்பிலை. பிடிபட்டவர் கோபப்பட்டால் நமக்கு ஒரு காவல் வேண்டும் என்று பூசாரி வாசலில் ஒரு சின்னச் சூலத்தையும் நட்டார். கற்பூரம் காட்டியபோது எல்லோரும் கும்பிட்டோம். மண்டோர் தொப்பியைக் கழற்றி, தன் பக்கத்துக்குச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் என் வீட்டிலிருந்து கோவிந்தன் பழமும் முட்டையும் கருவாடும் கொண்டுவந்தான். கூண்டு வாசல் வரைக்கும் வேகமாகப் போனான். நின்றான். காலணியைக் கழற்றினான். கழற்றிவிட்டு மறுபடியும் நின்றான்.

"என்னடா?" என்றார் பூசாரி.

"நேத்து நான் கள்ளு குடிச்சிட்டேண்ணே."

"அப்ப உள்ள போகாத."

பட்டறைக்காரரைப் பார்த்தார்கள். போன வாரம் தன் கையாலேயே அதற்குள் நின்று கம்பி ஒட்டியவர்தான். காலையில் வீட்டில் பன்றிக்கறி என்றார். பூசாரியின் தம்பிக்கு அன்று விடியற்காலையில்தான் குழந்தை பிறந்திருந்தது, பூசாரிக்கே தீட்டு. வாசலுக்கு வெளியே நின்றபடிதான் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களை யாரும் கேட்கவில்லை. கடைசியாக மண்டோரைப் பார்த்தார்கள்.

"நான் வேதக்காரன்" என்றார். "நான் உள்ள போறது உங்களுக்கு மரியாதையா இருக்காது."

அதனால் ஒரு வாழையிலையில் எல்லாவற்றையும் வைத்து வாசலிலேயே இறக்கினார்கள். வெறும் சாப்பாடாக வைக்க மனம் வராமல் யாரோ ஊதுபத்தியும் கொளுத்தினார்கள். மறுநாள் காலையில் இலை காலியாக இருந்தது. யார் சாப்பிட்டது என்று கேட்க யாருக்கும் விருப்பமில்லை. அடுத்த வீட்டு உபயத்தை வைத்தார்கள்.

இரண்டாம் வாரம், சாமி வாசலில் கதவு விழுந்துவிடக் கூடாது என்று கதவைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கொக்கியில் ஒருவர் மணி மாட்டினார். கோவிந்தனின் மனைவி பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினாள். லோரிக் கம்பி என்று எல்லோருக்கும் தெரியும். கோவிந்தனுக்கு அந்த லோரியின் நம்பர்கூட ஞாபகம் இருந்தது. இருந்தும் அந்தப் பக்கம் வந்தால் அவனும் காலணியைக் கழற்றினான்.

சரோஜா ஒரு காலையில் கும்பிட வந்தாள். வந்தவள் கையில் கத்தி இருந்தது.

"கும்பிடத்தாங்க்கா வந்தேன்" என்றாள். "வந்தது வந்தாச்சு, நாலு மரத்த வெட்டிட்டுப் போறேன்."

மறுநாள் முழு நெரையும் வெட்டினாள். அந்த வாரக் கடைசியில் ஏழு பேரும் வந்துவிட்டோம். முதலில் கூண்டடியில் ஒன்றாக நின்று கற்பூரம் கொளுத்துவது, பிறகு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அவரவர் நெரைக்குப் பிரிவது. மங்கு கவிழவில்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு கவிழ்ந்தால் ஓடினோம். இப்போது நிமிர்த்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

மொத தேதிக்கு முந்தின நாள் மேனேஜர் வந்தார். கூடவே கொந்தராக்கு எடுக்கப்போகும் சீன முதலாளி, தவுக்கே என்போம், பின்னால் மண்டோர். நான் கூண்டுக்குப் பக்கத்து மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். கத்தி கட்டையில் பட்டது.

மேனேஜர் கூண்டைப் பார்த்தார். சூலத்தைப் பார்த்தார். மணியையும் தொட்டிலையும் பார்த்தார். வாசலில் வரிசையாகக் கிடந்த ஏழு ஜோடிச் செருப்புகளை ரொம்ப நேரம் பார்த்தார். தவுக்கே தொப்பியை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து மூன்று முறை ஆட்டிக் கும்பிட்டார். பிறகு மேனேஜரைத் தள்ளி அழைத்துப்போய் மலாயில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது கடைசி மட்டும்தான். ஏழாம் நம்பர் கொடுங்கள், பன்னிரண்டாம் நம்பர் கொடுங்கள், இது வேண்டாம், எனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது.

மேனேஜர் திரும்பி வந்து மண்டோரிடம் கேட்டார். பிடித்தாயிற்றா?

இல்லை என்று மண்டோர் சொன்னால் மேனேஜரின் வார்த்தைப்படி காடு போய்விடும். ஆயிற்று என்று சொன்னால் பொய். மண்டோர் பொய் சொல்ல மாட்டார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது யாரு நெர?"

"என்னுதுங்க."

"அப்ப நீ சொல்லு."

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் மேனேஜர் ஒருவரிடம் நான் நேராகப் பேசியது கிடையாது. எனக்குத் தெரிந்த மலாய் கடையில் சாமான் கேட்கிற மலாய்தான்.

"பெலும் டாபாட், என்சிக்" என்றேன். "தாப்பி காமி தா லாரி லாகி."

இன்னும் கிடைக்கவில்லை ஐயா. ஆனால் நாங்கள் இப்போது ஓடுவதில்லை.

என் பின்னால் இருந்த மரத்தில் பால் மங்குக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். பால் ஸ்டோரில் கணக்கு எப்படி என்று மண்டோரைக் கேட்டார். பழையபடி வருகிறது என்றார் மண்டோர். "சம்போங்" என்றார் மேனேஜர். தொடர்ந்து செய்யுங்கள் என்று அர்த்தம். செருப்புகளைப் பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, சூலத்தைச் சுற்றிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

மண்டோர் மட்டும் நின்றார். என் மரத்துக்கு வந்தார். கத்தி பட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு வெட்டுன மரம்?"

"என்னுதுங்க."

"ஓ" என்று சொல்லி, வட்டம் போட்டுவிட்டுப் போனார்.

தேவி அந்த வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினாள். ஒன்பதாம் நம்பரில் பால்மரம் இருந்த வரைக்கும் அந்த நெரை என்னிடமே இருந்தது.

பரீட்சைக்குச் சில வாரம் முன்னால் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குச் சரோஜாவுக்குக் காய்ச்சல். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். கற்பூரம் கொளுத்திவிட்டு என் கடைசி மரங்களுக்கு வந்தேன். இன்னும் வெளிச்சம் வரவில்லை. காய்ந்த பாலை உரித்துவிட்டுக் கத்தியை வைத்தேன். அப்போது பின்னால் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. என் தலைக்கு மேலிருந்து வந்தது. தோளைத் தாண்டி எதுவோ என் விளக்குக்கு முன்னால் நீண்டது; மரத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

திரும்பிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். பார்த்தால் மண்டோரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் ஆபீசில் சொல்ல வேண்டும். ஆபீசுக்குத் தெரிந்தால் மறுபடியும் மொத தேதி, கொந்தராக்கு, கிள்ளான். பார்க்காவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"வேல நடக்குது" என்றேன். "வெளிச்சத்த மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நிழல் மரத்தை விட்டு விலகியது. நான் வெட்டை முடித்து, மங்கை வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போனேன்.